பெயரில் அவிழும் முடிச்சு: ஜூல் வெர்ன் நாவல்களில் சங்கேத எழுத்தும் இளங்காதலும்

இளம் வாசகர்களுக்கான சாகச நாவல்களில் சங்கேத எழுத்தும் காதலும் கைகோத்து வருவது இன்றைக்குப் பழகிப்போன சேர்க்கை. அதை ஆரம்பத்திலேயே முழு வடிவில் எழுதியவர்களுள் ஜூல் வெர்ன் முக்கியமானவர். அவருடைய மூன்று நாவல்களில் கதையைத் தொடங்கி வைப்பது ஒரு மறையெழுத்துத் தாள். 1864இல் வந்த ‘பூமியின் மையத்துக்கு ஒரு பயணம்’, 1881இல் வந்த ‘லா ஜங்கடா’, 1885இல் வந்த ‘மாத்தியாஸ் சாண்டார்ஃப்’ ஆகியவை அவை. மூன்றிலும் ஓர் இளம் ஜோடி உண்டு. தாளில் ஒளிந்திருக்கும் செய்தி அந்த ஜோடியின் வாழ்க்கையைத் தீர்மானிக்கிறது. முதல் இரண்டு புதிர்களின் அடியில் ஒரு மனிதரின் பெயர் இருக்கிறது. மூன்றாவதில் பெயர் புதிரை விட்டு வெளியேறிக் கதைக்குள் போய் ஒளிந்துகொள்கிறது.

முதல் நாவல் 1863 மே 24ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, ஹாம்பர்க் நகரின் பழைய பகுதியிலுள்ள ஒரு வீட்டில் தொடங்குகிறது. கனிமவியல் பேராசிரியர் ஓட்டோ லிடென்பிராக் பழைய புத்தகக் கடையொன்றில் ஐஸ்லாந்தின் பழங்காலக் கையெழுத்துப் பிரதி ஒன்றை வாங்கி வருகிறார். நார்வே அரசர்களின் வரலாறு அது. அதன் பக்கங்களிலிருந்து அழுக்கேறிய தோல்தாள் ஒன்று நழுவி விழுகிறது. அதில் ரூன் எழுத்துகளில், மூன்று பத்திகளாக, பொருள் விளங்காத 21 எழுத்துத் தொகுதிகள். பேராசிரியருக்கு அன்று முதல் சோறு தண்ணீர் இல்லை. அவரோடு வசிக்கும் அண்ணன் மகன் ஆக்செல், சமையற்கார மார்த்தா ஆகியோரும் சேர்ந்து பட்டினி கிடக்க வேண்டியதாகிறது.

அவர் புதிரை அணுகும் முறை நிதானமானது, கற்றுக்கொள்ளத் தக்கது. தாளில் உள்ள இரட்டை எழுத்து ஒன்று ஐஸ்லாந்து மொழியில் 14ஆம் நூற்றாண்டில்தான் சேர்ந்தது என்பதால், தாள் பிரதியைவிடப் பிந்தியது என்று முதலில் முடிவு செய்கிறார். பிரதியின் பின்பக்கத்தை உருப்பெருக்கியால் பார்க்க, மங்கிய மையில் ஆர்னே சக்னுசெம் என்ற பெயர் தெரிகிறது. நாவல் சொல்லும் கணக்கில் இவர் 16ஆம் நூற்றாண்டு ரசவாதி. பிறகு எழுத்துகளை எண்ணுகிறார். மொத்தம் 132. மெய்கள் 79, உயிர்கள் 53. வட ஐரோப்பிய மொழிகளில் மெய்களின் பங்கு இதைவிடக் கூடுதலாக இருக்கும், ஆகவே இது தெற்கு மொழி ஒன்று, 16ஆம் நூற்றாண்டு அறிஞர் எழுதியதென்றால் லத்தீன் என்பது அவர் வாதம். எழுத்துகளின் விகிதத்தைக் கொண்டு மொழியை ஊகிக்கும் இந்த வழி மறையெழுத்து ஆய்வில் உண்மையிலேயே கையாளப்படுவது. எழுத்துகள் இடம் மாற்றப்பட்டால் விகிதம் மாறாது. வேறு எழுத்துகளாக மாற்றப்பட்டால் மாறும். உயிரும் மெய்யும் ஒரு மொழிக்குப் பொருந்தும் அளவில் கலந்திருப்பதால், இடமாற்றம்தான் நடந்திருக்கிறது என்ற முடிவும் அதிலேயே அடங்கியிருக்கிறது.

இடமாற்றம் எப்படி நடந்திருக்கும்? அதைச் சோதிக்க, மனதில் தோன்றும் எந்த வாக்கியத்தையாவது கிடைமட்டமாக அல்லாமல் மேலிருந்து கீழாகப் பத்தி பத்தியாக எழுதச் சொல்கிறார். ஆக்செல் எழுதிக் கொடுக்கிறான். பேராசிரியர் ஒவ்வொரு தொகுதியின் முதல் எழுத்தையும், அடுத்து இரண்டாம் எழுத்தையும் சேர்த்துப் படிக்கிறார். கிடைப்பது ஒரு காதல் வாக்கியம். அவருடைய வளர்ப்பு மகளான பதினேழு வயது கிரௌபெனை நேசிப்பதாக ஆக்செல் தன்னையறியாமல் எழுதிவிட்டிருக்கிறான். இருவரும் பேராசிரியருக்குத் தெரியாமலே ஒருவருக்கொருவர் வாக்குக் கொடுத்துக்கொண்டவர்கள். அவர் ஒரு கணம் வியக்கிறார், ஒரு கேள்வி கேட்கிறார், ஆக்செல் திணறுகிறான். அடுத்த கணமே அவர் புதிருக்குத் திரும்பிவிடுகிறார்.

வெர்ன் எழுதிய காதல் காட்சிகளில் இதுதான் மிகச் சிறந்தது. ஒரு பத்தி அளவே வருகிறது. காதலி அறையிலேயே இல்லை, ஆல்ட்டோனாவில் உறவினர் வீட்டில் இருக்கிறாள். ஆயினும் ஓர் இளைஞனின் மனம் முழுவதும் அதில் தெரிகிறது. வாய்விட்டுச் சொல்லத் துணியாததைக் கலைத்து எழுதினால் யாருக்கும் தெரியாது என்று அவன் கை நம்பியிருக்கிறது. கலைத்ததை அடுக்கும் வழி எதிரே இருப்பவருக்குத் தெரியும் என்பது அந்தக் கணத்தில் மறந்துபோயிருக்கிறது. வாக்கியத்தின் கடைசிச் சொல்லாக நிற்பது கிரௌபெனின் பெயர். சக்னுசெம்மின் செய்தியும் அவர் பெயரில்தான் முடிகிறது. கதையின் இரண்டு மறையெழுத்துகளும் ஒரே முறையில் எழுதப்பட்டவை, ஒரே விதத்தில் ஒரு பெயரில் போய் நிற்பவை.

பேராசிரியரின் முறை ஆக்செலின் வாக்கியத்தைத் திறந்தது, தோல்தாளைத் திறக்கவில்லை. முதலெழுத்துகள், இரண்டாம் எழுத்துகள் என்று சேர்த்துப் படித்தும் வந்தது வெறும் எழுத்துக் குப்பை. வெறுத்துப்போய் அவர் வெளியேறிய பிறகு, ஆக்செல் அந்தக் காகிதத்தை விசிறியாக வீசிக்கொள்கிறான். காகிதத்தின் பின்புறம் கண்ணில் படும்போது ஊடாகத் தெரியும் எழுத்துகளில் சில லத்தீன் சொற்கள் துலங்குகின்றன. செய்தி முழுவதும் கடைசி எழுத்திலிருந்து பின்னோக்கி எழுதப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். ஐஸ்லாந்தின் ஸ்னேஃபெல்ஸ் எரிமலையில், ஜூலை பிறக்கும் தறுவாயில் ஸ்கார்ட்டாரிஸ் சிகரத்தின் நிழல் தொடும் வாயில் இறங்கினால் பூமியின் மையத்தை அடையலாம் என்பது அதன் சாரம்.

வெர்ன் இந்தத் தீர்வைத் தற்செயலுக்கு விட்டது புதிரின் தர்க்கத்துக்கு ஒரு குறைதான். விடை பேராசிரியரின் கண்ணெதிரேயே இருந்தது. தாளின் முதல் 13 தொகுதிகளின் முதலெழுத்துகளை வரிசையாக எடுத்தால், சக்னுசெம்மின் முழுப் பெயர் தலைகீழாக நிற்கிறது. எழுதியவர் பெயர் இன்னது என்று பேராசிரியர் ஏற்கெனவே கண்டுபிடித்திருந்தார். அந்தப் பெயர் செய்தியில் எங்காவது இருக்குமா என்று தேடியிருந்தால், முதல் வரியிலேயே முடிச்சு அவிழ்ந்திருக்கும். மறையெழுத்தை உடைப்பவர்களின் முதன்மை ஆயுதம் இதுவே: செய்தியில் கட்டாயம் இருந்தாக வேண்டிய ஒரு சொல்லை ஊகித்து, அது பொருந்தும் இடத்தைத் தேடுவது. இதற்கு மாறாக எல்லா வரிசைகளையும் முயல்வது வீண் வேலை. இருபது எழுத்துகளை மட்டும் மாற்றி மாற்றி அடுக்கினாலே 24,32,90,20,08,17,66,40,000 வரிசைகள் வரும் என்று ஆக்செல் நினைத்துப்பார்க்கிறான், கணக்குச் சரி. 132 எழுத்துகளுக்கு அந்த எண் குறைந்தது 133 இலக்கம் கொண்டது என்கிறான். உண்மையில் அது 225 இலக்கம்.

விடை தெரிந்ததும் ஆக்செல் செய்ய நினைப்பது அந்தத் தாளை எரிப்பது. பேராசிரியருக்குத் தெரிந்தால் பயணம் நிச்சயம், பயணம் என்றால் சாவு, சாவு என்றால் கிரௌபென் இல்லை. கடைசியில் பசி தாளாமல் உண்மையைச் சொல்லிவிடுகிறான். கிரௌபெனிடம் போனால் அவள் தடுப்பாள் என்று நம்புகிறான். அவளோ அது ஓர் அறிஞரின் குடும்பத்துக்கு ஏற்ற பயணம் என்று ஊக்கம் கொடுத்து அனுப்புகிறாள். கனிமங்களில் நன்கு தேர்ந்தவள் அவள் என்பதை நாவல் முன்பே சொல்லிவைத்திருக்கிறது. பயணத்தின் முடிவில் அவர்கள் மணம் செய்துகொள்கிறார்கள். ஒரே ஒரு குழப்பம் மிஞ்சுகிறது: ஐஸ்லாந்தில் தொடங்கி, வடக்கு நோக்கிப் போனதாகத் திசைமானி காட்டிய பயணம் எப்படித் தெற்கே இத்தாலியின் ஸ்ட்ராம்போலி எரிமலையில் முடிந்தது என்ற கணக்கு பேராசிரியருக்கு ஒத்துவரவில்லை. அதையும் ஆக்செல்தான் கண்டுபிடிக்கிறான். நிலத்தடிக் கடலில் வந்த மின்கோளம் ஊசியின் துருவங்களைத் தலைகீழாக்கிவிட்டிருந்தது. முதல் புதிரையும் கடைசிப் புதிரையும் திறப்பது பின்னோக்கிப் படிப்பது என்ற ஒரே செயல், இரண்டையும் செய்வது கற்றறிந்த பெரியவர் அல்ல, காதலில் விழுந்த இளைஞன்.

இந்த அமைப்பு வெர்னுக்கு எங்கிருந்து வந்தது என்பதற்குத் தெளிவான தடம் இருக்கிறது. எட்கர் ஆலன் போ 1843இல் எழுதிய ‘தங்க வண்டு’ கதையில், கடற்கொள்ளையனின் புதையலைக் காட்டும் மறையெழுத்து, எந்தக் குறி அதிகம் வருகிறது என்று எண்ணி உடைக்கப்படுகிறது. போதலேரின் மொழிபெயர்ப்பு வழியாக அது பிரான்சில் பரவியது. வெர்ன் 1864இல் ‘மியூசே தெ ஃபமிய்’ இதழில் போவைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதினார். ‘தங்க வண்டு’ அதில் விரிவாக இடம்பெற்றது. சில மாதங்களில் பயண நாவல் வெளிவந்தது. போவின் கதையில் காதல் கிடையாது. அதைச் சேர்த்தது வெர்னின் முடிவு, சேர்த்த அளவைத் தீர்மானித்ததில் பதிப்பாளர் பியேர்-ஜூல் எட்சலின் சந்தைக்கும் பங்குண்டு. எட்சல் அதே 1864 மார்ச்சில் ஜான் மாசேயுடன் சேர்ந்து, குடும்பம் முழுதும் படிக்கத்தக்க ‘கல்வியும் பொழுதுபோக்கும்’ இதழைத் தொடங்கியிருந்தார். பிள்ளைகள் கையில் போகும் எழுத்தில் காதல் நாகரிகமாக, நிச்சயதார்த்தத்தை நோக்கியதாக, சுருக்கமாக இருக்க வேண்டும். காதல் உணர்வை எழுதத் தமக்கு வராது என்று வெர்ன் எட்சலுக்கு எழுதிய கடிதத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார். இந்த இரண்டு தடைகளும் சேர்ந்துதான், காதலை நேரே பேசாமல் ஒரு கணக்குப் பயிற்சிக்குள் ஒளித்து வைக்கும் உத்திக்கு அவரைத் தள்ளியிருக்க வேண்டும். விளைவு, நேரே பேசியிருந்தால் கிடைத்திருக்கக்கூடியதைவிட நல்லது.

பதினேழு ஆண்டுகள் கழித்து அதே இதழில் தொடராக வந்த ‘லா ஜங்கடா’ மறையெழுத்திலேயே தொடங்குகிறது. பாத்திரங்களை அறிமுகம் செய்யும் முன்பே வாசகர் முன் பொருளற்ற எழுத்துகள் விரிகின்றன. கதை நடப்பது 1852இல், அமேசான் ஆற்றில். பெருவின் இகிட்டோஸில் பண்ணை நடத்தும் ஜோவாம் கரால், மகள் மிஞாவின் திருமணத்துக்காகக் குடும்பத்தோடு ஒரு பெரும் மரத்தெப்பத்தில் பெலெம் நகரை நோக்கிக் கிளம்புகிறார். மாப்பிள்ளை மனோயேல், இளம் இராணுவ மருத்துவர், மிஞாவின் அண்ணன் பெனிட்டோவின் நண்பன். கராலின் உண்மைப் பெயர் ஜோவாம் தகோஸ்தா. 1826இல் நடந்த வைரக் கொள்ளைக்காகச் செய்யாத குற்றத்துக்கு மரண தண்டனை பெற்றுத் தப்பியவர். உண்மைக் குற்றவாளி சாகும்முன் எழுதிய ஒப்புதல் வாக்குமூலம் தொரேஸ் என்ற போக்கிரியின் கையில் இருக்கிறது. அது மறையெழுத்தில் இருக்கிறது. அதற்கு அவன் கேட்கும் விலை மிஞாவைத் தனக்குக் கட்டிக்கொடுப்பது. கரால் மறுக்கிறார், மனவுஸில் கைதாகிறார். தொரேஸ் சண்டையில் இறக்க, தாள் ஆற்றின் அடியிலிருந்து மீட்கப்பட்டு நீதிபதி ஜாரிக்கேஸின் மேசைக்கு வருகிறது. படிக்கும் சாவி இல்லாமல்.

நாவலின் மிகச் செழுமையான பகுதி இதுவே. ஜாரிக்கேஸ் புதிர்களில் பித்துக் கொண்டவர், போவைப் படித்தவர். முதலில் போவின் வழியில் எழுத்துகளை எண்ணிப் பட்டியல் போடுகிறார், அதிகம் வரும் எழுத்தை மொழியில் அதிகம் வரும் எழுத்தாகக் கொள்கிறார், எதுவும் வரவில்லை. அதிலிருந்து, ஒரே எழுத்து எப்போதும் ஒரே எழுத்தாக மாறும் எளிய முறை இதுவன்று என்று உணர்கிறார். இது எண்ணைச் சாவியாகக் கொண்ட முறை. கிரான்ஸ்ஃபெல்ட் முறை என்று பெயர் பெற்ற இதில், சாவி எண்ணின் இலக்கங்களை எழுத்துகளின் மேல் திரும்பத் திரும்ப எழுதி, ஒவ்வோர் எழுத்தையும் அதன் மேலுள்ள இலக்கத்தின் அளவுக்கு அகர வரிசையில் முன்னே தள்ள வேண்டும். 423 என்ற எண்ணை எடுத்துக்கொண்டு அவர் இதை விளக்குவது யாருக்கு என்பதுதான் கவனிக்க வேண்டியது. எதிரே உட்கார்ந்து கேட்பவன் மனோயேல். தான் மணக்கப்போகும் பெண்ணின் தந்தை உயிர் பிழைப்பது இந்தப் பாடத்தில் இருக்கிறது என்று அறிந்த மாணவன் அவன். வாசகர் அவன் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்கிறார். மறையெழுத்தின் நுட்பத்தை விளக்கும் பக்கங்கள் அலுப்பூட்டாமல் இருப்பதற்கு இந்த இருக்கை அமைப்பே காரணம்.

சாவியின்றி இதைத் திறக்க முடியாது என்று ஜாரிக்கேஸ் சொல்கிறார். 1852இல் இருக்கும் ஒரு நீதிபதி அப்படிச் சொல்வதில் தவறில்லை. சாவி திரும்பத் திரும்ப வரும் முறைகளை உடைக்கும் பொதுவழியை பிரஷ்ய இராணுவ அதிகாரி ஃபிரீட்ரிஷ் கசிஸ்கி அச்சிட்டு வெளியிட்டது 1863இல்தான். தாளில் ஒரே எழுத்துக்கோவை இரண்டு இடங்களில் வந்தால், அவற்றின் இடைவெளி பெரும்பாலும் சாவி நீளத்தின் மடங்காக இருக்கும் என்பது அவர் வழியின் சாரம். 1881இல் எழுதிய வெர்னுக்கு அது எட்டியிருக்கக்கூடும். ஆனால் கதைக்கு வேண்டியது வேறு வழி. தூக்குமேடை தயாராகும் வேளையில், கராலின் குடும்பத்தால் உயிர் பிழைத்த நாடோடி முடிதிருத்துநர் ஃப்ரகோசோ ஒரு பெயரோடு ஓடி வருகிறான். இவன் மிஞாவின் தோழி லினாவைக் காதலிப்பவன். தொரேஸின் பழைய கூட்டாளி ஆர்ட்டேகா என்று விசாரித்து அறிந்திருக்கிறான். வாக்குமூலம் எழுதியவன் அவனானால் கடைசியில் கையெழுத்துப் போட்டிருப்பான் அல்லவா?

கணக்கு பொருந்துகிறது. ஆர்ட்டேகா என்ற பெயரின் ஆறு எழுத்துகள் ரோமன் அகர வரிசையில் 15, 18, 20, 5, 7, 1 ஆகிய இடங்களில் இருப்பவை. தாளின் கடைசி ஆறு எழுத்துகள் 19, 21, 22, 10, 8, 4 ஆகிய இடங்களுக்கு உரியவை. வேறுபாடு 4, 3, 2, 5, 1, 3. சாவி 432513. படிக்க வேண்டிய பத்தியில் 276 எழுத்துகள் உள்ளன. அது ஆறால் மீதியின்றி வகுபடுவதால், கடைசி ஆறில் கிடைத்த சாவி அப்படியே முதல் எழுத்திலிருந்து பொருந்துகிறது. லிடென்பிராக் செய்யத் தவறியதை ஜாரிக்கேஸ் செய்துவிடுகிறார்: எழுதியவரின் பெயரைக் கொண்டே எழுத்தைத் திறக்கிறார். கரால் தகோஸ்தா என்ற சொந்தப் பெயரைத் திரும்பப் பெறுகிறார். பெலெமில் மிஞா-மனோயேல், லினா-ஃப்ரகோசோ இரு ஜோடிகளுக்கும் திருமணம் நடக்கிறது. தொடர் வெளிவந்துகொண்டிருந்தபோதே பாரிஸின் எக்கோல் பாலிடெக்னிக் மாணவர் ஒருவர் தாளை உடைத்துவிட்டதாகக் கணித அறிஞர் மோரிஸ் தொக்கான் எழுதியிருக்கிறார். சாவியின்றி முடியாது என்ற ஜாரிக்கேஸின் கூற்று 1881இன் வாசகரிடம் செல்லுபடியாகவில்லை.

‘மாத்தியாஸ் சாண்டார்ஃப்’ இந்த வரிசையில் ஒரு திருப்பம். 1867இல் ட்ரியெஸ்ட் நகரில் களைத்து இறங்கிய தூதுப் புறாவின் காலில் ஒரு சீட்டு கிடைக்கிறது. ஆறெழுத்துச் சொற்கள் 18, மொத்தம் 108 எழுத்துகள். துளை அட்டையால் எழுதப்பட்ட மறையெழுத்து அது. ஆறுக்கு ஆறு என 36 கட்டங்கள் கொண்ட அட்டையில் ஒன்பது துளைகள். துளைகளில் எழுதி, அட்டையைக் கால்பங்கு சுழற்றி மறுபடி எழுத, நான்கு சுழற்சியில் 36 கட்டங்களும் நிரம்பும். மூன்று முறை செய்தால் 108. ஆஸ்திரிய அதிகாரி எட்வர்ட் ஃபிளைஸ்னரின் பெயரால் அறியப்படும் இந்த அட்டையை 4,096இன் 64 மடங்கு, அதாவது 2,62,144 விதங்களில் வெட்டலாம். சீட்டைப் பிடித்த சர்க்கானியும் வங்கி முதலாளி சிலாஸ் டொரோந்தாலும் அட்டையையே திருட்டுத்தனமாகப் படியெடுத்துவிடுகிறார்கள். சாண்டார்ஃப் திட்டமிட்ட ஹங்கேரி விடுதலைக்கான எழுச்சி அம்பலமாகிறது. சாண்டார்ஃபின் தோழர் பாத்தோரி சுட்டுக் கொல்லப்படுகிறார். சக்னுசெம் தாளைப் போலவே இந்தச் சீட்டையும் கடைசியிலிருந்து முன்னோக்கிப் படிக்க வேண்டியிருக்கிறது.

இங்கே மறையெழுத்தை உடைப்பவர்கள் துரோகிகள். காதலர்களை அது சேர்க்கவில்லை, பிரிக்கிறது. பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு பாத்தோரியின் மகன் பியேர் காதலிக்கும் சாவா, தந்தையைக் காட்டிக்கொடுத்த டொரோந்தாலின் மகளாக வளர்கிறாள். சீட்டின் முடிவில் ஆள் பெயர் எதுவும் இல்லை, கட்டத்தை நிரப்பச் சேர்த்த ஐந்து வெற்றெழுத்துகள்தான் இருக்கின்றன. இந்த முறை கண்டுபிடிக்கப்பட வேண்டிய பெயர் சாவாவுடையது: அவள் சாண்டார்ஃபின் மகள். அது வெளிப்பட்ட பிறகுதான் திருமணம் கூடுகிறது. நாவல் நீண்டது, பழிவாங்கும் கதையின் சுமை அதிகம். சாவா பெரும்பாலும் காத்திருக்கவும் துன்பப்படவும் மட்டுமே செய்கிறாள். மூன்று நாவல்களுக்கும் பொதுவான குறை இதில் வெளிப்படையாகிறது. வெர்னின் பெண்கள் எந்த மறையெழுத்தையும் உடைப்பதில்லை. கிரௌபெனுக்கு அதற்கான அறிவு இருந்தும் அவள் ஹாம்பர்க்கில் நிறுத்தப்படுகிறாள்.

அந்தக் குறையை வரலாறு முதலில் திருத்தியது, நாவல் பிறகு. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் பிளெட்ச்லி பார்க்கில் எனிக்மா எந்திரச் செய்திகளை உடைத்த அமைப்பில் 1945 தொடக்கத்தில் ஏறத்தாழ 9,000 பேர் வேலை செய்தனர். அவர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெண்கள், பலர் இருபது வயதை ஒட்டியவர்கள். அவர்கள் வேலை 1974 வரை வெளியில் பேசப்படாத இரகசியம். இரகசியம் நீங்கிய பிறகு எழுந்த இளையோர் நாவல்களில் எலிசபெத் வைன் 2020இல் எழுதிய ‘தி எனிக்மா கேம்’ குறிப்பிடத்தக்கது. ஜமைக்கத் தந்தைக்கும் ஆங்கிலத் தாய்க்கும் பிறந்து இருவரையும் இழந்த பதினைந்து வயது லூயிசா, ஸ்காட்லாந்தின் ஒரு சிற்றூரில் தன் கைக்கு வந்த எனிக்மாவை இயக்கக் கற்கிறாள். உடன் உதவுவது அவள் பராமரிக்கும் ஜெர்மானிய மூதாட்டி. காதலைவிட நட்பு முன்னே நிற்கும் நாவல் இது.

காதலும் மறையெழுத்தும் மறுபடி ஒரே முடிச்சாக இணைந்தது கோரி டாக்டரோவின் ‘லிட்டில் பிரதர்’ நாவலில், 2008இல். சான் பிரான்சிஸ்கோவில் குண்டுவெடிப்புக்குப் பின் பாதுகாப்புத் துறையின் கண்காணிப்பை எதிர்க்கும் பதினேழு வயது மார்கஸ், மைக்கி என்ற புனைபெயரில் ஓர் இரகசிய வலைப்பின்னலை உருவாக்குகிறான். அதில் உளவாளிகள் நுழையக்கூடும். பொதுச் சாவி முறையில், பூட்டும் சாவியை எல்லோருக்கும் கொடுக்கலாம், திறக்கும் சாவி உரியவரிடம் மட்டும் இருக்கும். 1976இல் விட்ஃபீல்ட் டிஃபியும் மார்ட்டின் ஹெல்மனும் அறிவித்த கருத்து அது. ஆனால் கையில் கிடைத்த பொதுச் சாவி உண்மையில் யாருடையது என்பதைக் கணிதம் சொல்லாது. அதற்கு ஆளை நேரில் பார்த்தாக வேண்டும். மார்கஸும் நண்பன் ஜோலுவும் நம்பிக்கைக்குரியவர்களைக் கடற்கரையோர இடிபாடுகளுக்கு இரவில் அழைத்து, அங்கேயே சாவிகளை உருவாக்கி, ஒருவருக்கொருவர் உறுதி செய்து, பயன்படுத்திய மடிக்கணினியை உடைத்துப் போடுகிறார்கள். ஆஞ்சி அவனுக்கு அறிமுகமாவது அந்தக் கூட்டத்தில். மைக்கி என்பவன் மார்கஸ்தான் என்று அறிந்த மிகச் சிலரில் ஒருத்தியாக அவள் பின்னர் ஆகிறாள். வெர்னிடம் நீதிபதியின் மேசையில் ஒரு பெயர் சாவியைக் கொடுத்தது. டாக்டரோவிடம் சாவி எல்லோர் கையிலும் இருக்கிறது, அது எவர் பெயருக்கு உரியது என்பதை மட்டும் இரண்டு பேர் முகத்துக்கு முகம் நின்று உறுதி செய்ய வேண்டியிருக்கிறது.